இதச்செவி மீது ஒரு புகார்

ஆயுத பூஜையன்று என் காதுக்குப் பொட்டு வைத்தது நான்தான். வேறு யார் மேலும் பழி போட முடியாது.

வீட்டில் இயந்திரம் என்று எது இருந்தாலும் அன்றைக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது எங்கள் வழக்கம். மிக்சி, ஸ்கூட்டர், வாஷிங் மெஷின், ஆளைப் பார்த்துக் கதவு திறக்கும் முகங்காணி என்று வரிசையாக வைத்துக்கொண்டே வந்தேன். (முகங்காணியின் கண்ணிலேயே பொட்டு விழுந்ததால் இரண்டு நாள் என் வீடே என்னை யாரென்று கேட்டது.) கிண்ணத்தில் சந்தனம் கொஞ்சம் மிச்சமிருந்தது. வலது காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த இதச்செவியும் இயந்திரம்தானே என்று தோன்றியது. இரண்டு கண்ணாடிகளை எதிரெதிராக வைத்து, கழுத்தை வளைத்து, தாராளமாக ஒரு பொட்டு வைத்தேன். அதில் இருந்த ஒரே ஒரு துளைக்குள் சந்தனம் இறங்கி, மத்தியானத்துக்குள் சிமென்ட் ஆகிவிட்டது.

அந்தத் துளை எதற்கு என்று பிறகுதான் கையேட்டைப் பார்த்தேன். ‘கழற்றும் ஊசியை இதனுள் செலுத்தவும்’ என்று போட்டிருந்தது. நான் பம்பு செட் கம்பெனியில் கையேடு எழுதுகிறவன். எவனும் கையேட்டை முன்கூட்டியே படிப்பதில்லை என்று இருபது வருடமாகப் புலம்புகிறவன்.

கழற்ற முடியாவிட்டால் என்ன, போட்டுக்கொண்டே இருக்கவேண்டிய பொருள்தானே என்று விட்டுவிட்டேன். இதச்செவி பட்டாணி அளவுதான் இருக்கும். எதிரில் இருப்பவர் பேசுவதை வாங்கி, அதிலிருக்கும் முள்ளை எடுத்துவிட்டு, அதே ஆளின் அதே குரலில் காதுக்குள் அனுப்பும். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. ‘உனக்கெல்லாம் எவன்யா வேலை குடுத்தான்’ என்று மேலாளர் கத்தினால், ‘இதை இன்னொரு தடவை பாத்துடுங்களேன்’ என்று வந்து விழும். கைப்பேசியில் எழுத்துக்கு இந்த வசதி முன்பே இருந்தது. காதுக்கும் வந்த பிறகு திருச்சியே அமைதியாகிவிட்டது. சத்திரம் பேருந்து நிலையத்தில் இரண்டு வண்டிகள் உரசிக்கொண்டால் ஓட்டுநர்கள் இறங்கி வந்து நலம் விசாரித்தார்கள். அரசாங்கம் ஒரே ஒரு கட்டுப்பாடு விதித்திருந்தது. எண்களையும் தேதிகளையும் பெயர்களையும் இதச்செவி தொடக் கூடாது. மற்றதெல்லாம் அதன் இஷ்டம்.

என் கடன் அட்டையில் இரண்டு வாங்கினேன், எனக்கு ஒன்று, என் மனைவி தமயந்திக்கு ஒன்று. அவளுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தன்னுடையதை அவள் பெட்டியிலிருந்தே எடுக்கவில்லை. “எனக்கு எதுக்குங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அல்லது, அவ்வளவுதான் எனக்குக் கேட்டது.

பூஜை முடிந்து ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, தமயந்தி பெரிய பையைக் கட்டில்மேல் வைத்து அடுக்கினாள். “கரூர்ல அக்கா வீட்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன். மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கு. உடம்பப் பாத்துக்கங்க” என்றாள். குனிந்து ஜிப்பை இழுத்துக்கொண்டே பேசியதால் உதடு தெரியவில்லை. நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது.

நான், “மாவு எத்தனை நாளைக்கு வரும்னு மட்டும் சொல்லு, நீ என்னைக்கு வருவேன்னு நானே கணக்குப் போட்டுக்கறேன்” என்று ஒரு ஜோக் அடித்தேன். அவள் சிரித்த மாதிரிதான் இருந்தது.

மாவு நாலு நாளில் புளித்துவிட்டது. ஐந்தாம் நாள் அலமாரியைத் திறந்தேன். கம்பளிப் போர்வையைக் காணோம். கரூரில் யாருக்கும் குளிர்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மேல் தட்டைப் பார்த்தேன். அவளுடைய படிப்புச் சான்றிதழ்கள் இருந்த நீலக் கோப்பையும் காணோம். அக்கா வீட்டுக்குப் போகிறவர்களிடம் அக்கா டிகிரி சான்றிதழ் கேட்பாளா?

போன் செய்தேன். “எப்ப வர்ற?”

“இங்க கொஞ்சம் வேலை இருக்குங்க. அப்புறம் பேசறேன்.”

இதை அவள் சொன்னாளா, இதச்செவி சொன்னதா? ‘இனிமே போன் பண்ணாதே’ என்று அவள் சொல்லியிருந்தாலும் எனக்கு இப்படித்தானே கேட்டிருக்கும்? அந்த ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே என்ன சொன்னாள்? ‘போதும், உன்னோட இனி குப்பை கொட்ட முடியாது’ என்று கத்தியிருந்தால்? அதற்குப் பதிலாகத்தான் மாவைப் பற்றி ஜோக் அடித்தேனா?

கரூர் எண்பது கிலோமீட்டர். போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் காதில் இது இருக்கும்வரை அவள் பதில் என்னை வந்து சேராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம்தான். பயம் என்பதைவிடச் சொல்லிக்கொள்ளக் கௌரவமாக இருந்தது.

கையேட்டின் முப்பத்தொன்றாம் பக்கத்தில் வழி இருந்தது. ‘பொருளில் திருப்தியில்லை’ என்று அட்டை கொடுத்த வங்கியில் தகராறு பதிவு செய்தால், விற்றவர் சாட்சியாக இரண்டைக் கொண்டுவர வேண்டும். ஒன்று, இயந்திரம் உள்வாங்கிய மூல ஒலி. இன்னொன்று, யார் பேச்சில் எத்தனை வாக்கியத்தை மாற்றியது என்ற பட்டியல். பணம் எனக்கு முக்கியமில்லை. மனைவியிடம் கேட்கவேண்டிய ஒரு கேள்விக்காக வங்கியில் புகார் கொடுத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

போனை எடுத்தவர் மரியாதையாகப் பேசினார். “வணக்கம் சார், தகராறுப் பிரிவு, கிருபாகரன்.”

“உங்க அட்டையில வாங்கின பொருள் சரியில்லைங்க. பணம் திரும்ப வேணும்.”

“ரொம்ப நன்றி சார். உங்க பாராட்டைக் கடைக்காரங்களுக்குச் சொல்லிடறோம்.”

“பாராட்டா? யோவ், குப்பைன்னு சொல்றேன்யா!”

“கேக்கவே சந்தோஷமா இருக்கு சார். சொந்தக்காரங்களுக்கும் ஒண்ணு வாங்கிக் குடுக்கலாமே.”

அவர் காதிலும் ஒன்று இருந்தது. நான் திட்டத் திட்ட அவருக்குப் பாராட்டாகக் கேட்டது. சரி, அவர் ‘நன்றி’ என்றாரே, அது உண்மையில் என்ன? அவரும் என்னை ஏதாவது கெட்ட வார்த்தையில் வைதிருப்பாரோ? இரண்டு பேரும் ஒருவரையொருவர் வாயாரத் திட்டிக்கொண்டு, காதார வாழ்த்துப் பெற்றுக்கொண்டு, போனை வைத்தோம். நாலு நாள் தொடர்ந்து இப்படியே நடந்தது. எழுத்தில் கொடுக்கலாம் என்று வங்கியின் படிவத்தைத் திறந்தால் அதில் மூன்றே பதில்கள்தான் இருந்தன: மிகவும் திருப்தி, திருப்தி, விரைவில் திருப்தியடைவேன்.

நேரே தில்லைநகரில் விற்ற கடைக்கே போனேன். கடைக்காரி ரெஜினாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

“இதைக் கழட்டி எடுத்துக்கங்க” என்றேன்.

“அதுக்கென்ன சார். ஊருக்குப் போய்க் கலந்து பேசிட்டு லெட்டர் போடறோம்.”

“எந்த ஊருக்கு? கடை இங்கதானே இருக்கு?”

“நல்ல சேதியா சொல்லி அனுப்பறோம் சார்.”

பெண் பார்க்கப் போன வீட்டில் சொஜ்ஜியும் பஜ்ஜியும் தின்று முடித்துவிட்டு, பெண் பிடிக்காதவர்கள் சொல்லும் அதே வாக்கியம். தமயந்தியைப் பார்ப்பதற்கு முன்னால் மூன்று வீட்டில் எங்கள் அப்பா அதைச் சொல்லக் கேட்டுக்கொண்டு நான் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறேன். ஆக, ரெஜினா நிஜத்தில் ‘முடியாது’ என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தைக்கு இதச்செவியிடம் இருந்த மாற்று இதுதான்.

அவர் எழுந்து வந்து என் காதுக்குப் பின்னால் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “ரொம்ப மங்களகரமா இருக்கு சார்” என்றார். அது எதன் மாற்று என்று யோசிக்க நான் விரும்பவில்லை. பிறகு, “பக்கம் 12, விதி 4” என்றார்.

வெளியே வந்து கையேட்டைப் புரட்டினேன். பக்கம் 12, விதி 4: ‘கழற்றும் துளையில் வேறு பொருள் புகுந்தால் கடை பொறுப்பல்ல.’ விதியைப் படித்து நான் சோர்ந்துபோயிருக்க வேண்டும். மாறாக நடைபாதையிலேயே ஒரு குதி குதித்தேன். இத்தனை நாளில் முதல் தடவையாக ஒரு மனுஷி என்னிடம் சொன்னது மாறாமல் வந்து சேர்ந்திருந்தது. எண்ணாக இருந்ததால் வந்து சேர்ந்தது!

அங்கேயே நின்று வங்கிக்குப் போன் செய்தேன்.

“கிருபாகரன், பொருளுக்குப் பத்துக்கு எத்தனை மார்க்குன்னு என்னைக் கேளுங்க.”

“சொல்லுங்க சார், பத்துக்கு எத்தனை?”

“பூஜ்யம்.”

“சார், பூஜ்யமா?”

“பூஜ்யம். இப்ப என்மேல உங்களுக்கு எவ்வளவு கோவம்? பத்துக்குச் சொல்லுங்க.”

தயங்கினார். “எட்டு சார்.”

“எனக்கு உங்க மேல ஆறு.”

“அப்படியா சார்!” என்றார், பெரிய பாரம் இறங்கியவர் போல. அன்றைக்குத்தான் நாங்கள் நண்பர்களானோம். புகாரைப் பதிவு செய்து, விசாரணைத் தேதி பதினெட்டு, மணி பதினொன்று என்றார். இரண்டும் எண்கள். நம்பினேன்.

தமயந்தியையும் இப்படிக் கேட்டுவிடலாமே என்று உடனே தோன்றியது. ‘நீ திரும்பி வர்றதுக்கு பத்துக்கு எத்தனை?’ எண்ணை அழுத்தினேன். இரண்டு மணி அடித்ததும் துண்டித்துவிட்டேன். எண் நேராக வந்துவிடும் என்பதுதான் சிக்கல்.

வங்கியின் மாடியில் விசாரணை அறை. உள்ளே வருகிறவர்கள் இதச்செவியைக் கழற்ற வேண்டும் என்பது விதி. செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு தட்டு வைத்திருந்தார்கள். கிருபாகரனும் ரெஜினாவும் கழற்றி வைத்தார்கள். குரலை வைத்து ஒல்லியான ஆளாக நினைத்திருந்தேன். கிருபாகரன் கதவளவு இருந்தார். என் முறை வந்ததும் ரெஜினா கைப்பையிலிருந்து தேங்காய் எண்ணெய் பாட்டிலையும் ஊசியையும் எடுத்தார். பக்கம் 12 என்ன சொன்னாலும் அந்த அம்மாவுக்கு நல்ல மனசு. பதினைந்து நிமிடம் எண்ணெயில் ஊறவைத்து, சந்தனத்தைத் துளித்துளியாகச் சுரண்டி எடுத்தார். ‘சொடக்’ என்றது.

“வலிச்சுதா சார்?” என்றார்.

“கழட்டிட்டீங்களா இல்லையா?”

உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதிலிருந்தது.

கிருபாகரன் பட்டியலைப் படித்தார். “மாற்றிய வாக்கியங்கள். உங்க மேலாளர், ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு. வீட்டு ஓனர், முப்பத்தெட்டு. ஆட்டோக்காரங்க எல்லாரும் சேந்து, அறுபத்து நாலு. உங்க தங்கச்சி, இருநூத்தி அஞ்சு.”

“தங்கச்சியா?”

“வாரா வாரம் ஞாயித்துக்கிழமை சார். தமயந்தி…” நிறுத்திவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தார். “தமயந்தி, பூஜ்யம்.”

“பூஜ்யம்னா?”

“ஒண்ணையும் மாத்தலை சார்.”

மூல ஒலியைப் போடச் சொன்னேன். ஜிப் இழுபடும் சத்தம். பிறகு அவள் குரல். கரூர்ல அக்கா வீட்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன். மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கு. உடம்பப் பாத்துக்கங்க. பின்னாலேயே என் ஜோக். இன்னொரு தடவை போடச் சொன்னேன். அதேதான். மூன்றாவது தடவை கேட்க என் ஜோக்கைத் தாண்டிப் போக வேண்டியிருந்ததால் வேண்டாம் என்றுவிட்டேன்.

“மெஷின் கெட்டுப்போச்சா?” என்று ரெஜினாவைக் கேட்டேன்.

“இல்ல சார். முள்ளு இருந்தாத்தானே அது எடுக்கும்? அவங்க பேச்சுல ஒண்ணும் இல்ல. இந்த மெஷினுக்கு எப்படிப் பேசக் கத்துக் குடுத்தாங்க தெரியுமா? நம்ம ஆளுங்க பேச்சை நாப்பதாயிரம் மணி நேரம் பதிவு பண்ணினாங்க. அதுல கத்தறவங்களை எல்லாம் கழிச்சுட்டாங்க. மனசுல ஒண்ணை வெச்சுக்கிட்டு வெளியில இதமாப் பேசறாங்க பாருங்க, அவங்க பேச்சை மட்டும் ஊட்டினாங்க.”

“அதாவது?”

“அதாவது…” ரெஜினா கண்ணாடியைத் துடைத்தார். “உங்க வீட்டம்மா மாதிரி.”

மெஷின் மாற்றவில்லை என்றால் அவள் சொன்னது உண்மையா? அல்லது, மெஷின் செய்யவேண்டிய வேலையை அவளே செய்துவிட்டுச் சொன்னதா?

“அப்ப வந்துடுவாளா?” என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நல்லதே நடக்கும் சார்” என்றார் ரெஜினா.

“பாக்கலாம் சார்” என்றார் கிருபாகரன்.

காதைத் தொட்டுப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்குதான் இருந்தது.

“சரி, என் புகார் என்ன ஆச்சு?”

“பரிசீலனையில இருக்கு சார்.”

“இல்லைன்னு அர்த்தமா?”

“அப்படிச் சொல்ல முடியாது சார்.”

“ஆமான்னு அர்த்தமா?”

“அப்படியும் இல்ல சார். நீங்க எங்களுக்கு எப்பவும் வேண்டியவர்.”

“கிருபாகரன், பத்துக்கு எத்தனை?”

அவர் பரிதாபமாகச் சிரித்தார். என் காதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் என்னைக் காப்பாற்றும் பொறுப்பைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. இத்தனை நாள் ஒரு சாதனம் செய்ததை இப்போது இரண்டு பேர் செய்தார்கள். நன்றாகவே செய்தார்கள்.

வீட்டுக்குப் போகவில்லை. கீழே இறங்கி, கரூர் பேருந்தில் ஏறினேன்.

ஊர் அமைதியாகிவிட்டது என்று இரண்டு மாதமாக நம்பிக்கொண்டிருந்தேன். அமைதியானது காதுகள்தான் என்று பேருந்தில் தெரிந்தது. நடத்துனர் சிரித்த முகத்தோடு ஒரு பெரியவரின் பரம்பரையையே திட்டினார். பெரியவரும் சிரித்துக்கொண்டே நடத்துனரின் வருங்காலச் சந்ததிக்கும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார். பின்னிருக்கையில் ஒரு பெண்மணி போனில் தன் சம்பந்தியிடம் பேசிய பேச்சைக் கேட்டு எனக்கே காது கூசியது. யாருக்கும் எதுவும் உறைக்கப்போவதில்லை என்று தெரிந்துவிட்டதால் யாருமே வாயைக் கட்டவில்லை. முழுப் பேருந்திலும் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். குளித்தலை தாண்டியபோது இன்னொன்றும் உறைத்தது. இத்தனை பேர் இப்படிக் கொட்டித் தீர்க்கிற காலத்திலும், கேட்கப்போவது நான் இல்லை, என் காதிலிருக்கும் மெஷின் என்று நன்றாகத் தெரிந்தும், தமயந்தி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

பின்மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். அவள் அக்கா வேலைக்குப் போயிருந்தார். தமயந்தி பக்கவாட்டுக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

“வாங்க. சாப்டீங்களா?”

“கரூர் பஸ்ஸுல சீட்டு காலியா இருந்துச்சு. வீணாப் போகுதேன்னு ஏறிட்டேன்” என்றேன்.

சிரித்த மாதிரி இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சிரித்த அதே மாதிரி. பத்தொன்பது வருடமாக என் ஜோக்குக்குக் கிடைத்த சிரிப்பு இதுதானா என்று முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

“காதுல என்ன, எண்ணெயா?” என்றாள்.

“கழட்டிட்டேன்.”

“ஏன்?”

நடந்ததையெல்லாம் சொன்னேன். போன், படிவம், ரெஜினா, மூல ஒலி, பூஜ்யம். அலசிய சட்டையைப் பிழியாமல் கையில் வைத்தபடியே கேட்டாள். தண்ணீர் அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறதுக்கு பேங்க் வரைக்கும் போனீங்களா?”

“ஆமா.”

“பேங்க்ல என்ன சொன்னாங்க?”

“பரிசீலிக்கறாங்களாம்.”

பக்கென்று சிரித்துவிட்டாள். இது வேறு சிரிப்பு. எனக்கு அடையாளம் தெரிந்தது, கல்யாணமான புதிதில் கேட்டது. அதைப் பார்த்ததும் நாக்கில் இன்னும் நாலைந்து ஜோக்குகள் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினேன். கடைசி ஒன்று நன்றாகவே இருந்தது. அதையும் விழுங்கினேன். விழுங்கியபின் வாய் ரொம்பக் காலியாக இருந்தது.

“தமயந்தி, என்னை விட்டுட்டு வந்துட்டியா?”

அவள் குனிந்து குழாயை மூடினாள். சட்டையை வாளியில் போட்டு, கையை முந்தானையில் துடைத்தாள்.

“அப்படியெல்லாம் ஒண்ணும்…” என்று ஆரம்பித்தாள்.

நிறுத்தினாள். என் வெறும் காதைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“ஆமா” என்றாள். “விட்டுட்டுத்தான் வந்தேன். உக்காருங்க, ஏன்னு சொல்றேன்.”